சூடு

விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில்
ஒரு சின்னப் பெட்டி:
சீருடையினருக்கு இதனால் என்ன பயன்?
நூற்றைம்பது சொற்களுக்கு மேற்படாமல்.

வந்தாறுமூலையில் மின்சாரம் போய் நாற்பது நிமிடம்.
மடிக்கணினியில் பதினொரு வீதம்.
மேசைக்கடியில் கிளிசரின் போத்தல்களில்
உரித்த செப்பலித் தோல்கள் ஊறுகின்றன,
குளிரூட்டியை நம்பாமல்.
ஆய்வே அதுதான்:
ஐஸ் இல்லாத இடத்தில்
ஒரு தோல் இன்னொரு தோலுக்கு
எத்தனை நாள் காவல் இருக்கும் என்பது.

இன்னும் தெரியாது.
தெரியாததற்குத்தான் காசு கேட்கிறேன்.
தெரிந்தபிறகு கேட்க
வேறு ஆட்கள் வருவார்கள், கழுத்துப்பட்டியோடு.

காத்தான்குடிச் சந்தையில் இஸ்ஸதீன் காக்கா
முதல்நாள் சிரித்தார்:
"சதைய விட்டுப்போட்டுத் தோலையா கேக்கிறீங்க, டொக்டர்?"
எலிகளுக்குத்தான் டொக்டர் என்றேன்.
மறுகா அவர் காசு வாங்கவேயில்லை.
செலவுத் திட்டத்தில்
மூலப்பொருள்: பூச்சியம் என்று போட்டேன்.
பூச்சியம் சந்தேகம் தரும் என்று
பேராசிரியர் அதை ஐயாயிரம் ஆக்கினார்.

அறுத்த கதிரை வயலில் குவித்தால்
எங்கள் பக்கம் அது சூடு.
துவக்கிலிருந்து வந்தாலும் சூடு.
போதனா வைத்தியசாலையில்
வலைக்குள் படுத்திருப்பதும் சூடு.
பெட்டிக்குள் ஒன்றுதான் கொள்ளும்.

போன மாதக் கட்டில்கள்:
வாகரையில் குப்பிலாம்பு சரிந்த பிள்ளை.
"அடுப்பு வெடிச்சது" என்பதற்கு மேல்
ஒன்றும் சொல்லாத ஒருத்தி.
அடுப்பு வெடிக்கவில்லை என்று தாதிக்குத் தெரியும்,
வாசலில் நிற்கிற புருஷனுக்கும் தெரியும்.
யன்னலோரம் லான்ஸ் கோப்ரல் விஜேகோன்,
உகனைப் பக்கம்.
முகாம் ஜெனரேட்டருக்குப் பெற்றோல் ஊற்றும்போது பற்றியது.
சண்டையில் இல்லை.
சண்டை முடியும்போது அவனுக்கு ஒன்பது வயது.

அவனைப் பெட்டிக்குள் வைத்தால்
பணம் வரக்கூடும்.
அந்தப் பிள்ளையை வைத்தால்
படிவம் சிவப்பாகிறது.

எனக்குத் தெரிந்த சிங்களம்
வலையிறவுச் சோதனைச் சாவடியில் படித்தது.
நவத்தன்ன. பஹின்ன. பேக் எக அரின்ன.
நில், இறங்கு, பையைத் திற.
பரீட்சை வைக்காமலே பாஸ் பண்ணிய பாடம்.
ரிதெனவாத, நோகுதா என்பது
நாற்பது வயதில்,
வார்ட்டில் படித்தேன்.
கட்டு அவிழ்க்கும்போது
அளவு நாடாவோடு நின்ற நான்
அவனிடம் அதைக் கேட்டேன்.
அவன் மின்விசிறியைப் பார்த்தபடி
"ஒல்லுப்போல" என்றான்.

தரை துடைக்கும் தங்கரதி அக்காவிடம் பிடித்த சொல்.
கொஞ்சம் என்று சொல்லியிருந்தால்
இந்தப் பக்கத்தை
அன்றிரவே எழுதி முடித்திருப்பேன்.

ஆறு வீதம்.
அவர்கள் கேட்ட சொல்லையே எழுதுகிறேன்:
களமுனைச் சிகிச்சை.
அடிக்குறிப்பில், ஆகச் சிறிய எழுத்தில்:
களமுனை எனப்படுவது
ஐஸ் போய்ச் சேராத எந்த இடமும்.
உகனை அதற்குள் வரும்.
வாகரை வரும்.
அடுப்பு வெடிக்காத அந்த வீடும் வரும்.
மதிப்பீட்டாளர்
அடிக்குறிப்பு படிக்காதவராக இருக்கட்டும்.
அல்லது படித்துவிட்டு
பேசாமல் இருப்பவராக.

அனுப்பு என்பதை அழுத்தக் கை போனபோது
கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன்,
மூன்றாம் போத்தலில் மெல்லிய கலங்கல்.
இருபத்திரண்டாம் நாள்.
முப்பது நாள் என்று
நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

மூன்று வீதம்.
நான்காம் பக்கத்துக்குத் திரும்பிப் போகிறேன்.