பதினெட்டு ஓம்

சுப்பீரியர் ஏரியிலிருந்து வரும் காற்று
கராஜ் கதவின் அடியில் பனித்தூளை ஊதித் தள்ளுகிறது.
இடுப்புயரக் கறுப்புப் பெட்டியின் பின்னால்
மண்டியிட்டிருக்கிறாள் ஐலா.
பள்ளிப் பேருந்து ஓட்டும்போது போடும் தடித்த கால்சட்டை.
அதையும் தாண்டி
சிமென்ட்டின் குளிர் முட்டிக்கு வந்துவிட்டது.

சமையலறையில், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில்,
உப்பும் மிளகும் பூசிய பன்றித் தோள், நான்கு கிலோ,
இரண்டு இரவாய் ஊறுகிறது.
நாளை மாலை டிப்போவிலிருந்து பதினோரு பேர்.
புகைப்பெட்டி நேற்று
இருநூற்று இருபத்தைந்து, இருநூற்று இருபத்தைந்து என்று
பச்சை எழுத்தில் சத்தியம் செய்தது.
கையை விட்டுப் பார்த்தால்
தெருமுனைத் தபால்பெட்டியின் குளிர்.

கையேடு வெய்க்கோவிடம்.
பிரிந்தபோது இது இவளுக்கு, படகு அவனுக்கு.
கையேடு எப்படியோ படகோடு போய்விட்டது.

பதினான்கு மாதம் தொடாத எண்ணைத் தொட்டாள்.
எப்படி இருக்கிறாய் இல்லை, என்ன விஷயம் இல்லை.
புகைப்பெட்டி என்றதும் அவன் கேட்டது:
"பிளக்கைப் பிடுங்கிட்டியா?"

பின்னே, என்று சொல்ல வாயெடுத்தவள்
சுவரைப் பார்த்தாள்.
மூன்று பல்லும் பதிந்து
அங்கேயே இருந்தது பிளக்.
கையில் ஸ்க்ரூடிரைவர்.

ஓசைப்படாமல் எழுந்தாள், நடந்தாள், பிடுங்கினாள்.
"ஆச்சு."
அவன் எதுவும் சொல்லவில்லை.
நான்கடி நடைதான்.
இருபத்திரண்டு வருடம் கேட்ட பூட்ஸ்.

பிறகு வாசிக்க ஆரம்பித்தான்.
பின்தகட்டில் எட்டு ரிவெட்டுகள், துளைபோட்டு எடுக்கவும்.
படம் ஏழைப் பார்க்கவும்.
"படத்த எப்படிடா பார்ப்பேன்?"
ஒரு செவ்வகம், அதன் காலடியில் சின்னச் செவ்வகம்,
அதிலிருந்து இரண்டு கம்பி என்று
படத்தையும் வாசித்தான்.
விவாகரத்துத் தாள்களைக்கூட
இத்தனை நிதானமாய் அவன் வாசித்ததில்லை.

தகடு கழன்றது. கண்ணாடிப் பஞ்சு.
பஞ்சுக்குள் யாரோ ஒரு எலி
குளிர்காலத்துக்கென்று சேர்த்த
பதினைந்து இருபது சூரியகாந்தி விதை.
அதையும் அவனிடம் சொன்னாள், ஏனென்று தெரியவில்லை.

கம்பியும் காயிலும் சேரும் முனை
கரிக்கட்டையாய் உதிர்ந்தது விரலில்.
மீட்டரின் இரண்டு ஊசியைக் காயிலின் கால்களில் வைத்தாள்.
எண்கள் ஓடின, தயங்கின, நின்றன.

"பதினெட்டு ஓம்."

ஓம் என்றால் மின்தடையின் அளவு.
வெகுதூரத்தில் ஒரு மொழியில்
ஆம் என்பதற்கும் அதே சொல் உண்டு.
இருவருக்கும் அது தெரியாது.

"அப்போ காயில் சாகல."
"சாகல. சேர்ற இடம்தான் கருகியிருக்கு."

காகிதம் புரளும் சத்தம். முன்னால், பின்னால்.
"அதுக்கு இதுல ஒண்ணும் போடல" என்றான்.
"பரவால்ல. நான் பார்த்துக்கறேன்."

வைத்தபின் பார்த்துக்கொண்டாள்.
கறுத்த கம்பியைச் செம்பு பளிச்சென்று தெரியும்வரை
வெட்டினாள், ஒரு விரற்கடை குறைந்தது.
பழைய அடுப்பிலிருந்து கழற்றிய வெப்பம் தாங்கும் முனை.
குறடால் நசுக்கி, இழுத்துப் பார்த்து,
மறுபடி நசுக்கினாள்.
எலியின் விதைகளை ஒரு காப்பி டப்பாவில் போட்டு
கதவோரம் வைத்தாள்.
திருகாணி தேடியதில் ஏழுதான் கிடைத்தது.

விடியற்காலை நான்கு மணிக்கு ஆப்பிள் மரச்சில்லு.
முதலில் வெள்ளைப் புகை, கண்ணைக் கரித்தது,
கதவைத் திறந்து அதைத் துரத்தினாள்.
அப்புறம் நீலம்,
இருக்கிறதா இல்லையா என்ற அளவில்.
மேலே புகைபோக்கியில் கொஞ்சம்,
பின்னால் எட்டாவது ஓட்டையில்
நூல்போல் கொஞ்சம்.

ஆறு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி: "எரியுதா?"

அவள் விரல் முழுக்கக் கொழுப்பு.
கறியில் குத்திய ஊசி தொண்ணூற்றொன்று காட்டுகிறது.
இருநூறு வரவேண்டும்.
துடைக்கத் துணி எங்கே வைத்தாள் என்று
இன்னும் தேட ஆரம்பிக்கவில்லை.