பாசி

கறுப்பு வெள்ளை என்றுதான் கேட்டார் நிலூஃபா.
பேரை வாவியில் மழை, நடுவில் ஒரு கூழைக்கடா.
பிறிண்டர் துப்பிய கடுதாசியில்
பறவைக்குப் பாசி பிடித்திருந்தது.

நொசில் செக் அடித்தேன்.
மெஜென்டாவில் இரண்டு கோடு அறுந்திருந்தது.
தலையைக் கழுவினேன், விலை கூடிய மை குடித்துக் கழுவியது.
பச்சை குறைந்தது. போகவில்லை.

புரொஃபைல் வேறு கம்பெனிக் கடுதாசிக்கு எழுதியது,
அதையும் மாற்றினேன்.
கறுப்பு மையை மட்டும் விட்டுப் பார்த்தேன்:
பச்சை போச்சு, கூடவே மழையும் போச்சு,
வானம் முழுக்க மிளகுத் தூள்.

காய விடுவோம் என்றேன், தவணை கேட்கிற கடன்காரன் மாதிரி.

இரவு டியூப் லைட்டில் அது சாம்பல்.
சத்தியமாய்ச் சாம்பல்.
காலை பத்து மணிக்கு மேசையில்
மறுபடி பாசி.

நிலூஃபா படத்தைப் பார்க்கவில்லை.
ஜன்னலைப் பார்த்தார்.
எதிரே முப்பத்தாறு மாடி எழும்புகிற இடத்தில்
மேலிருந்து கீழ்வரை பச்சை வலை.
வெயில் அதில் வடிந்துதான் என்னிடம் வருகிறது,
எட்டு மாதமாய்.

யூனியன் பிளேஸ் நடைபாதையில், பஸ் புகைக்குள்
ஆளுக்கொரு முனை பிடித்தோம்.
கூழைக்கடா சாம்பலாய் நின்றது.
மழை மழையாய்ப் பெய்தது.
அவர் காசைத் தந்துவிட்டுப் போனார்.

நான் அங்கேயே நின்றேன்.
எட்டு மாதமாய் அந்த மேசையில் வைத்து
ஒவ்வொரு கலியாணப் படத்துக்கும்
ஒரு சொட்டுச் சிவப்புக் கூட்டி அனுப்பியிருக்கிறேன்,
தெஹிவளைக்கு, மட்டக்குளிக்கு, கொட்டாஞ்சேனைக்கு.
ஒருவரும் முறையிடவில்லை.

பொம்பிளைக்கு வெட்கம் என்று
நினைத்திருப்பார்கள்.