பவண்டோவுக்குப் பின்னால்

திருமங்கலம் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
ஒரு பக்கம் இரண்டு ரூபாய்,
முன்னும் பின்னும் மூன்று.
பத்திரம், பட்டா, செத்தவர்களின் ஆதார்,
எல்லாம் என் கண்ணாடியில்
ஒருதரம் குப்புறப் படுத்து எழும்.

அதனால்தான்
மதுரைப் பெரியாஸ்பத்திரியில்
டாக்டர் ஷகீலா பர்வீன்
கிருமி எப்படிப் பெருகுகிறது என்று
ஓ.பி. சீட்டின் முதுகில் வரைந்தபோது
சட்டென்று பிடிபட்டது.
ஈரலுக்குள் ஒரு ஜெராக்ஸ் கடை.
கரண்ட் போகாத கடை,
ஞாயிறும் திறந்திருக்கிற கடை.

எனக்கு முப்பத்தேழு வயது.
அந்தக் கடைக்கும் அதே வயது.
அம்மாவிடமிருந்து வந்தது என்கிறார்கள்.
அம்மா வயிறு ஊதிச் செத்தபோது
காமாலை முற்றிவிட்டது என்று சொல்லி
நகையைப் பங்கு பிரித்தோம்.
என் பங்குக்கு விழுந்தது
ஒரு ஜோடித் தோடு மட்டும்தான் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மாத்திரை தினம் ஒன்று, ராத்திரி ஒன்பதுக்கு.
அது மெஷினை நிறுத்தும்.
நகல் வராது.
அசல் மட்டும் பீரோவின் அடித்தட்டில்
மடித்து வைத்தபடி கிடக்கும்.
மாத்திரையை விட்டால் மறுபடி ஓடும்.

அப்ப அசலை யாரு கிழிக்கிறது, என்றேன்.
டாக்டர் பேனாவை மூடினார்.
உங்க உடம்புதாம்மா.
அது இத்தனை வருஷமா
இவன் நம்ம வீட்டு ஆளுன்னு நெனச்சுட்டு இருக்கு.

அதை உலுக்கி எழுப்ப
வாரம் ஒரு ஊசி, வெள்ளிக்கிழமை.
மாத்திரையும் ஊசியுமாக நாற்பத்தெட்டு வாரம்.
எல்லாருக்கும் கேட்காது, என்றார்.
அதை இரண்டு தடவை சொன்னார்.

ஊசிக்குக் குளிர் வேண்டும்.
என் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை.
பக்கத்துக் கூல்டிரிங்க்ஸ் கடை மெகருன்னிசா
என்ன ஏது என்று கேட்காமல்
பவண்டோ பாட்டில்களுக்குப் பின்னால்
ஒரு சாண் இடம் ஒதுக்கினாள்.
மூன்றாம் மாதம் கேட்டாள். சொன்னேன்.
ஒன்றும் பேசவில்லை.
நான் பாதி குடித்து வைத்திருந்த டீயை எடுத்து
மீதியைக் குடித்துவிட்டு
கல்லாவுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் நாத்தனார்
என் டம்ளரின் அடியில்
நெயில் பாலிஷால் பொட்டு வைத்திருந்தாள்.
சிவப்பு.

வெள்ளி ராத்திரி காய்ச்சல் வரும்.
எலும்புக்குள் ஷேர் ஆட்டோ ஓடும்.
சனிக்கிழமை, ஓரம் மடங்கிய ஒரு தாளுக்காக
பத்திர எழுத்தர் ஒச்சப்பனை
வாய்க்கு வந்தபடி பேசினேன்.
அவர் சில்லறையைக்கூட வாங்காமல் போனார்.
குளியலறைச் சல்லடையில்
தலைமுடி திரண்டு கிடந்தது.
டோனர் தீர்ந்ததற்கு ஒருநாள் அழுதேன்.
டோனருக்கு!

மகன் முத்திருளுக்கு
பிறந்த அன்றைக்கே தடுப்பூசி போட்டிருந்தார்கள்.
எதற்கென்று அன்று நான் கேட்கவில்லை.
இந்த வில்லங்கம் அவன் பேரில் ஏறவில்லை.
ரிசல்ட் காகிதத்தை
காசு வாங்காமல் எனக்கு நானே
நாலு காப்பி எடுத்துக்கொண்டேன்.

முப்பதாவது வாரம்
ஈரல் கணக்கு எகிறியது.
நாற்பதில் இருந்தது இருநூற்றுத் தொண்ணூறு.
முடிந்தது என்று நினைத்தேன்.
டாக்டர் அந்தத் தாளை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
முழிச்சிருக்கும் போலிருக்கே, என்றார்.
யாரு?
உங்க ஆளு. சண்டை போடுது.
ஆனா வாரா வாரம் ரத்தம் குடுக்கணும்,
மீறிப் போகவிடக் கூடாது.
அவரும் பயந்திருந்தார் என்பது
கடைசி வாக்கியத்தில் தெரிந்தது.

நாற்பத்தெட்டாவது வெள்ளி.
ஆன்டிஜன் இரண்டாயிரத்து நூற்று நாற்பதாக இருந்தது
முப்பத்தெட்டு.
பூஜ்யம் இல்லை.
பூஜ்யத்துக்குத்தான் வேண்டியிருந்தேன்.
ஊசி போதும், மாத்திரை தொடரட்டும்,
ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம், என்றார்.
சில பேருக்கு அப்புறமும் இறங்கும்.
இந்தத் தடவை ஒரே தடவைதான் சொன்னார்.

பஸ் பசுமலை தாண்டும்வரை
முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு என்று
வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.
கடையைத் திறந்ததும் ஒருத்தர்
மங்கிப்போன ஒரு நகலை நீட்டி
இன்னொன்று எடுக்கச் சொன்னார்.
எடுத்தேன். இன்னும் மங்கலாக வந்தது.

மெகருன்னிசாவின் ஃபிரிட்ஜில்
அந்த ஒரு சாண் இடம் காலியாகவே கிடக்கிறது.
சித்திரை வெயில், பாட்டில் பறக்கிற சீசன்.
அடுக்கிக்கோயேன் என்றேன்.
இருக்கட்டும் என்கிறாள்.