இணைப்பகம், இரவுப் பணி

போன மாதம் எங்கள் மருத்துவமனைக்குப்
புதுப் பெயர் வந்தது.
நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு இது ஆறாவது.

பெயர் லாரியில் வந்தது.
இரண்டு பேர் ஏணி போட்டுப்
பழைய பலகையைக் கழற்றினார்கள்.
அடியில் மழை படாத செங்கல்
அன்று சுட்டதுபோல் சிவந்திருந்தது.
புதுப் பலகை நீளம்.
வாசல் சன்னலில் ஒரு முழத்தை மறைத்துவிட்டது.

எனக்கு வந்தது ஒரு தாள்.
விசைகளுக்கு மேலே ஒட்டச் சொன்னார்கள்.
'வணக்கம். வடமேற்குக் கரையோர ஒருங்கிணைந்த
நலவாழ்வுக் கூட்டாண்மை அறக்கட்டளை.
நான் ஹிலரி. இன்று தங்களுக்கு எவ்வகையில் உதவலாம்?'
சொல்லிப் பார்த்தேன். பதினொரு நொடி.
நடுவில் மூச்சு விட இடமில்லை.

புதுத் தலைமை நிர்வாகி நல்லவர்தான்.
கொதிகலன் அறைக்கும் பிணவறைக்கும் நடுவே
எங்கள் கதவைக் கண்டுபிடித்தவர்
ஐந்து தலைவர்களில்
திருமதி ஆன்ஸ்டி ஒருவர்தான்.
"உங்கள் குரல்தான் எங்கள் வாசல்" என்றார்.
பிறகு இந்த அறைக்குச் சன்னல் இல்லாததைப் பார்த்துக்
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.
அவருடைய அடையாள அட்டை
பழைய பெயர் அச்சிட்ட நாடாவில்தான் தொங்கியது.
நான் சொல்லவில்லை.

அவருக்கு முன்னால் இருந்தவர் பதினான்கு மாதம்.
அவருக்கும் முன்னவர் ஒரு வரைபடம் கொண்டுவந்தார்:
நடுவில் நோயாளி, சுற்றிலும் வட்டங்கள்.
எந்த வட்டத்திலாவது தொலைபேசி இருக்கிறதா என்று
நெவில் விரல் வைத்துத் தேடினான். இல்லை.
அடுத்த ஏப்ரலில் நெவிலும் இல்லை.
அவன் நாற்காலியில் என் பையை வைக்கிறேன்.

லண்டனில் அமைச்சர்கள் மாறுவார்கள்.
பத்தாண்டுத் திட்டங்கள் மூன்றைப் பார்த்துவிட்டேன்.
ஒன்றுக்கும் பத்து வயது நிரம்பவில்லை.

செவ்வாய் அதிகாலை மூன்று பத்து.
வெளியே கடல்மூட்டம் என்று
ஆம்புலன்ஸ்காரர்கள் சொல்லித்தான் தெரியும்.
விளக்கு எரிந்தது.
"வணக்கம். வடமேற்குக் கரையோர ஒருங்—"
"இன்ஃபர்மரிதானே?"
கிழட்டுக் குரல். பின்னால் நாய்.

இன்ஃபர்மரி.
நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே எடுத்துவிட்ட பெயர்.
கல்லில் செதுக்கியதை மட்டும்
பெயர்க்கச் செலவாகும் என்று
கொடி படர விட்டுவிட்டார்கள்.

"பெண்டாட்டி மாடியில் விழுந்துகிடக்கிறாள்.
பேசுகிறாள். சொற்கள்தான் மாறி வருகின்றன.
கம்பளி கேட்கிறாள். கொடுத்தால்
இதைக் கேட்கவில்லை என்கிறாள்.
என்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்."

தாளில் அடுத்த வரி:
அவசர அழைப்பாளரை உரிய வழித்தடத்துக்கு
ஆற்றுப்படுத்தவும்.
அதாவது அவர் போனை வைத்துவிட்டு
மூன்று ஒன்பதுகளை அழுத்தி,
இந்த மலைப்பக்கம் எட்டியும் பார்க்காத ஒருவருக்குத்
தன் பண்ணைக்கு வழி சொல்ல வேண்டும்.

"ஆமாம், இன்ஃபர்மரிதான்.
வைத்துவிடாதீர்கள்" என்றேன்.
ஒரு காதில் அவர்.
மறு காதில் மூன்று ஒன்பதுகளை நானே அழுத்தினேன்.
ஆட்டுக்கிடைத் தடுப்பைத் தாண்டி இடப்பக்கம்,
பச்சைக் கதவு, இல்லை, போன வருடம் வெள்ளை அடித்தார்களாம்.
நாயைக் கட்டச் சொன்னேன்.
முப்பத்தெட்டு நிமிடம்.
தன் இரண்டு பிள்ளைகளும்
அங்கேதான் பிறந்தார்கள் என்றார்.
மகப்பேறு வார்டு மூன்றாம் பெயரோடு போய்விட்டது.
அதையும் நான் சொல்லவில்லை.

மறுநாள் ஆஷர் வந்தான், தர மேலாண்மை.
பதிவைக் கேட்டு இரண்டு குறை எழுதியிருந்தான்:
வரவேற்புரை முழுமையில்லை.
நிறுவனத்தின் பெயர் தவறு.
கையெழுத்துப் போட்டேன்.
கதவருகே போனவன் திரும்பினான்.
"அந்த அம்மா?"
"ஆறாம் வார்டில். வலது கை வரவில்லை இன்னும்."

வார்டுகளுக்கு இப்போது எண்கள்தான்.
அந்தத் தாள் திங்கட்கிழமை வருகிறது.