முந்நூறு கிராம்

டத்தோ கெராமாட் சாலை எழுதுபொருள் கடையில்
கியாட் அங்கிள் நாற்காலியை விட்டு எழுவதில்லை.
"எத்தனை கிராம்?" என்றார்
இறைச்சிக் கடைக்காரர் மாதிரி.
எனக்குத் தெரியவில்லை.
நாற்பது பேருக்கு அழைப்பிதழ்,
வீட்டு பிரிண்டரில் அடிக்க வேண்டும் என்றேன்.
மலாயில் சொன்னேன். ஹொக்கியனில் சலித்துக்கொண்டு
ஐந்து மாதிரிகளைப் பரப்பினார்.

நூற்றிருபது விரலிடுக்கில் படபடத்தது,
மின்கட்டண ரசீதுக்கு அக்கா.
நூற்றறுபது, பரவாயில்லை.
இருநூறில் இரண்டு:
ஒன்று இறுகி மெலிந்தது,
மற்றது பஞ்சு மாதிரி உப்பியது.
எடை வேறு தடிப்பு வேறு என்பதை
நாற்பத்து மூன்று வயதில் தெரிந்துகொள்கிறேன்.
முந்நூறு, மேசையில் தட்டினால் சத்தம் வந்தது.

அதை எடுத்தேன்.

முதல் கல்யாணப் பத்திரிகை அதைவிடக் கனம்.
வெல்வெட் உறை, தங்க விளிம்பு,
இரட்டைக் கதவாய்த் திறந்து
உள்ளே பிள்ளையார்.
பதினெட்டு மாதம்.
இதை யாரும் உவமையாக்க வேண்டாம்.
அட்டை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.
அம்மா இன்றைக்கும் அதன்மேல்தான்
சூடான சட்டியை இறக்கி வைக்கிறாள்.

ஜெலுத்தோங், பதினோராம் மாடி,
சாப்பாட்டு மேசைமேல் பிரிண்டர்.
முன்தட்டில் வைத்த தாள்
உள்ளே ஒரு குட்டிக்கரணம் போட்டுத்தான் வெளிவரும்.
முந்நூறு போடாது.
பாதி வழியில் உட்கார்ந்துகொண்டது.
சிவப்பு விளக்கு.

புவனேந்திரன் ஃபெரியில் இயந்திரம் பார்க்கிறவர்.
ஒன்றும் பேசாமல் பின்மூடியைக் கழற்றினார்,
டார்ச்சை என் கையில் தந்தார்.
"வந்த வழியாவே இழுக்கணும். மெதுவா."
பிறகு, பின்னால் ஒரு தட்டு இருப்பதையும்
அதில் வைத்தால் வளையாமல் இறங்கும் என்பதையும்
அவர்தான் கண்டுபிடித்தார்.
மூன்று வருடமாக என் வீட்டில் இருக்கிற பிரிண்டர்.

இறங்கியது. அழுது அரற்றி
ஒரு வழியாய் வெளியே வந்தது.
உள்ளே எங்கோ சின்னப் பல்சக்கரங்கள்;
தடித்த அட்டை அவற்றை முட்ட,
ஈர மைமேல் நடந்து போயிருந்தன
வரிசையாய்ப் புள்ளி வைத்தபடி.
வருக என்பதில்
வ-வுக்கு ஒன்று, க-வுக்கு ஒன்று.
அவர் சத்தமாய் வாசித்தார்:
"வ்ருக்."
தொண்டையில் மீன்முள் மாட்டியது போல.
என் பெயரும் இள்வேணி ஆகியிருந்தது.
சிரித்துச் சிரித்து
டார்ச்சை அணைக்க மறந்துபோனோம்.

மறுநாள் கியாட் அங்கிள்
"ஆங், திரும்பி வந்தாச்சா" என்கிற முகத்தோடு
மெலிந்த இருநூறை எடுத்தார்.
விரல் நுனியை நாக்கில் தொட்டு
அட்டையின் மூலையில் வைத்தார்.
இந்தப் பக்கம் வழுக்கியது,
அந்தப் பக்கம் லேசாய் ஒட்டியது.
"ஒட்டுற பக்கம்தான் மை குடிக்கும்."
அதற்குக் காசு வாங்கவில்லை.
அட்டைக்கு வாங்கினார், பன்னிரண்டு ரிங்கிட்.

தாள் வகையில் 'தடித்தது' என்று மாற்றினோம்.
ஒவ்வொன்றாக. ஒன்று முழுசாய் வெளியே வந்தபின்தான்
அடுத்தது.
வெளியே மழை, ஈரக் காற்று
ஓரங்களை அப்பளமாய்ச் சுருட்டப் பார்க்கிறது;
ஜன்னலைச் சாத்திவிட்டு
சோபாவில், இஸ்திரி மேசையில், கட்டிலில்
காயப் போட்டோம்.
உட்கார இடமில்லை.
தரையில் சம்மணம் போட்டு
பொட்டலம் பிரித்து கோய் தியாவ் தின்றோம்,
எண்ணெய்க் கை எதிலும் படாமல்
முழங்கையால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு.

முப்பத்தொன்பது நன்றாக வந்தன.
நாற்பதாவதுக்கு நீலம் தீர்ந்தது.

அம்மா இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை,
பதிவு அலுவலகத்துக்கு வருவாளோ என்னவோ.
அவளுக்கு அந்த முந்நூறையே அனுப்புகிறோம்.
வ்ருக்.
வராவிட்டாலும்
சட்டி வைக்கத் தாங்கும்.