யாருடைய பை

அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால்
எங்கள் வங்கியில் யாருக்கும்
அந்த மூன்று எழுத்து தெரியாது.
மறுநாள் லிஃப்ட்காரர் பாவ்ஸ்கர்கூடச் சொன்னார்:
ஆர்.டி.எக்ஸ்.
பேரேட்டின் நடுமடிப்பில் கண்ணாடித் தூள்.
தட்டத் தட்ட வந்தது, ஏப்ரல் கடைசிவரை.

யார், எதற்கு, எந்தக் கடவுளின் பேரால் என்று
பேப்பர் தினமும் ஒரு சொல் கற்றுக்கொடுத்தது.
நாங்கள் முதலில் கற்றது குனிந்து பார்க்க.
இருக்கைக்கு அடியில்.
பிறகு பக்கத்தில் இருப்பவன் முகத்தில்.

ஜெய்லானியும் நானும் பதினோரு வருஷமாக
சயானில் ஏறுகிற எட்டேகால் லோக்கல்.
அவன் பச்சை ரெக்சின் பை மேலே ரேக்கில்.
பைகுளா தாண்டியதும் ஒருவர் கத்தினார்:
"கிஸ்கா பேக் ஹை?"
கதவோரம் நின்றவன் காதில் காற்று.
எனக்குத் தெரியும் யார் பை என்று.
தெரிந்தும்
சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு வரை வாய் திறக்கவில்லை.

அவனே வந்து திறந்து காட்டினான்:
கருவாட்டுப் பொட்டலம், மனைவியின் மருந்துச் சீட்டு,
பாதி தைத்த குழந்தைச் சட்டை.
யாரோ சிரித்தார்கள். நானும்தான்.

திங்கட்கிழமையிலிருந்து
உள்ளே இருப்பது வெளியே தெரிகிற
பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்தான் சாப்பாட்டை.
எலுமிச்சை சாதம் என்று
பெட்டி முழுக்கப் பார்த்தது.
எப்போதும் கைநீட்டிப் பங்கு கேட்கிற நான்
பேப்பரை விரித்துக்கொண்டேன்.