காதருகே கை

கொட்டாஞ்சேனை மண்டபம், வியாழன், ஆறரை.
பட்மிண்டன் கோடு கீறிய தரையில்
நானும் நிஃப்லாவும் எதிரெதிர்.
"முகம்" என்று அறிவித்துவிட்டு
ஓரடி பின்வாங்கி, முழுசாய் ஓரடி முன்வந்து
என் மூக்குக்கு நாலு விரல் முன்னால்
குத்தை நிறுத்தி வைப்பாள்,
பதிவுத் தபாலோடு கையெழுத்துக்கு நிற்பவரைப்போல.
முன்கையை உயர்த்தி அதை வாங்கிக்கொள்வேன்.
இச்சி. நீ. சன்.
பதினொரு வருசம்.
முன்கை எலும்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கணு.

செப்டெம்பரில், உல்பெண்டால் வீதியில்,
மருந்துக்கடை வெளிச்சம் முடிகிற இடத்தில்
ஒருத்தன் எதையும் அறிவிக்கவில்லை.
இடக்கையால் பையைப் பிடித்தான்,
வலக்கையால் காதோடு அறைந்தான்.
என் கை உயர்ந்தது. அழகாகத்தான் உயர்ந்தது.
கோணம் சரி. மணிக்கட்டுத் திருப்பம் சரி.
தடுக்கத்தான் அங்கே ஒன்றும் இருக்கவில்லை.
பை போனது. அதற்குள் சம்பளச் சிட்டை,
பாதி தின்ற மாலு பணிஸ்.
முறைப்பாடு எழுதிய பொலிஸ்காரர்
என் மழைக்கோட்டுக்குக் கீழே
பழுப்புப் பட்டி தொங்குவதைக் கண்டு
எழுதுவதை நிறுத்தினார்.

இது எனக்கு முதல்தரம் அல்ல.
இரண்டாயிரத்து ஏழு, வெள்ளவத்தை லொட்ஜ்:
எங்கிருந்து, எதற்கு, எப்போது திரும்புவாய்,
மூன்று கேள்விக்கும் சிங்களத்தில் மூன்று விடை,
கண்ணாடி முன் நின்று, இலக்கணம் பிசகாமல்.
காலி வீதிச் சாவடியில் நின்ற பெடியன்
அடையாள அட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை.
"குடை இல்லையா?" என்றான்.
மழை பெய்துகொண்டிருந்தது.
"கண் பரிசோதனைக்கு வந்தேன்" என்றேன்.

பிரியங்கர சேரிடம் கேட்டேன்,
இந்தத் தடைகள் தெருவில் வேலை செய்யுமா?
இன்னும் ஆயிரம் தடவை செய், என்றார்.
பிறகு மண்டபத்தைப் பூட்டும்போது,
சாவியைப் பார்த்துக்கொண்டு:
"என்னை வெளியில ஒருத்தரும் அடிச்சதில்லை.
எனக்குத் தெரியாது."
அன்றிலிருந்து அவரைக் கொஞ்சம் கூட நம்புகிறேன்.

வகுப்பு முடிந்து நிஃப்லாவும் நானும்
பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி
நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ் கட்டினோம்.
அவள் அபாயாவோடு, நான் கைப்பையோடு.
இனி அறிவிப்பு இல்லை, எண்ணிக்கை இல்லை,
எப்போது வேண்டுமோ அப்போது அடி.
கணக்குக் கொப்பியில் குறித்தேன்:
பத்துக்குப் பூச்சியம்.
பத்துக்குப் பூச்சியம்.
பத்துக்கு ஒன்று, அதுவும் அவளுக்குத் தும்மல் வந்ததால்.

மூன்றாம் வாரம்தான் கண்டேன்,
கீழ்த்தடைக்குப் புறப்படுமுன்
கை ஒருதரம் எதிர்க்காதுக்குப் போய்வருகிறது.
அதற்கு எண் கிடையாது. ஆயத்தம் என்று சொல்லி
எல்லாரும் ஓடிக் கடந்துவிடுவோம்.
அறை வந்து விழுந்தது அந்தக் கையில்.
தடைக்கு முன்னமே தடை முடிந்திருந்தது.
மற்றக் கை? பதினொரு வருசமாய்
சும்மா இடுப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்த கை,
இம்முறை அவள் சட்டைக் கையைப் பிடித்தபடி திரும்பியது.
நிஃப்லா என் தோளில் வந்து மோதினாள்,
இரண்டு கதிரை சாய்ந்தது.
பத்துக்கு மூன்று.
நாலாவதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்படியென்றால் பயிற்சி பொய்யா?
தடை என்று பேர் வைத்தவர் பிழையா,
பேரை நம்பி நின்ற நான் பிழையா?
மூன்று என்பது பாஸா, பெயிலா?
மிச்சம் ஏழில் காது வலிக்கிறது, அது மட்டும் தெரியும்.
வியாழனில் இன்னும் வரிசையில் நிற்கிறேன்,
இச்சி, நீ, சன்,
காற்றிலுள்ள யாரையோ ஒழுங்காய்த் தடுத்துக்கொண்டு.

மருந்துக்கடை வெளிச்சம் முடிந்தபின்
காதருகே கையை வைத்தபடி நடக்கிறேன்,
போன் பேசுகிறவளைப்போல.
மறுமுனையில் ஆளில்லை.
சிலவேளை "ம்" என்கிறேன்.